கீழே வைக்கச் சொன்ன குரல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். காரைக்காலில் எங்கள் வீட்டிலேயே அப்படித்தான், ஆய்வுக்கூடத்தில் கேட்கவே வேண்டாம். அதனால் நீங்கள் சிரித்தாலும் எனக்கு வருத்தமில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது சைகோனில் வேலை. நம் உடம்பின் செல்லுக்குள் மற்றப் புரதங்களைச் சுமந்துபோய் உரிய இடத்தில் சேர்க்கிற புரதம் ஒன்று உண்டு. அது சரக்கைப் பிடித்துக்கொள்ளும் பகுதியை மட்டும் தனியே எடுத்துப் படிகமாக்க வேண்டும், படிகம் கிடைத்தால் எக்ஸ்ரே பாய்ச்சி அதன் அமைப்பைக் கண்டுபிடித்துவிடலாம். கிடைக்கவில்லை. தட்டுக் குழிகளில் புரதக் கரைசலைத் துளித்துளியாக வைத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்போம், கடைசியில் பால் திரிந்த மாதிரி ஏதோ மிதக்கும். திட்டத்தை மூடுவதென்று முடிவாகிவிட்டது, அதோடு என் விசாவும் போகும்.

கடைசி நாள் மத்தியானம், வெளியே மழை. நானும் கூட வேலை பார்த்த ஹுவாங் என்ற பெண்ணும் மட்டும் குளிர் அறையில் தட்டுகளைக் கழிவுப் பையில் போட்டுக்கொண்டிருந்தோம். கடைசித் தட்டு என் கையில் இருக்கிறது, பின்னாலிருந்து ஒரு பெண் குரல், அதட்டலெல்லாம் இல்லை, வீட்டில் சொல்வது மாதிரி:

"அத கீழ வை தம்பி."

வைத்துவிட்டேன். திரும்பினால் சுவர். அந்தக் கட்டடத்தில் என்னைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் கிடையாது. பிரமை என்று நான் வாயே திறக்கவில்லை, ஹுவாங்தான் ஆங்கிலத்தில் கேட்டாள், யார் அந்த அம்மா என்று.

தட்டை நுண்ணோக்கியில் வைத்தேன். ஓரத்துத் துளியில் ஒரு படிகம், விளிம்பெல்லாம் அவ்வளவு கூர்மை. முந்தின நாள் இருவருமே பார்த்தோம், அங்கே ஒன்றுமில்லை. ஓர் இரவில் வளர்ந்திருக்கலாம், அதில் அதிசயமில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுத்தோம், அமைப்பு தெளிவாக வந்தது, கட்டுரை வெளியானது, விசாவும் நீண்டது. குரலைக் கட்டுரையில் எழுத முடியுமா?

பிறகு ஒருநாள் காபிக் கடையில் ஹுவாங் அந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் கேட்டாள். அவளுக்கு ழகரம் வராது, "அத கீல வை தம்பி" என்றாள். சொன்னேன். சரி, அதற்கப்புறம் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்றாள். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லையே என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, ஒவ்வொரு ஒலியாகத் தேடித் தேடிச் சொன்னாள்:

"இன்னொன்னு... இருக்கு."

மற்றத் தட்டுகளைக் கழிவு வண்டி அன்றைக்கே கொண்டுபோய்விட்டது. அதுகூடப் பரவாயில்லை. தமிழே தெரியாதவளுக்குக் கேட்டது, பக்கத்தில் நின்ற எனக்கு ஏன் கேட்கவில்லை?