குளிர்பெட்டியின் கீழ்த்தட்டு

சட்டத்தைச் சிறிதும் பிசகாமல் கடைப்பிடிக்கும் ஒருவரால் இன்னொருவரிடம் அன்பாகவும் இருக்க முடியுமா? பிரிக்பீல்ட்ஸில் மருந்துக்கடை வைத்திருக்கும் பிரேமினியைத் தெரிந்த பலருக்கும் இந்தக் கேள்வி ஒருமுறையாவது வந்திருக்கும். முடியாது என்றுதான் பெரும்பாலானோர் முடிவு கட்டியிருந்தார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் அவர் கடையில் ஒரு ஆண்டிபயாடிக் மாத்திரை கூட வாங்க முடியாது. கட்டுப்பாட்டு மருந்துகள் உள்ள அலமாரியின் சாவி அவருடைய வெள்ளைக் கோட்டுப் பையில், சங்கிலியில் கோத்துக் கிடக்கும். கழிவறைக்குப் போனாலும் அலமாரியைப் பூட்டிவிட்டுத்தான் போவார். மதியம் சாப்பிடப் போகும்போது, மருந்தாளர் இல்லை என்ற பலகையை முகப்பு மேசையில் நிறுத்திவிடுவார். உதவியாளர் மலர் பல வருடமாக அங்கே வேலை செய்கிறாள். அந்தச் சாவியை அவள் ஒருமுறைகூடத் தொட்டதில்லை.

"மேடம் கடைக்கு வந்தா பாஸ்போர்ட் ஆபீஸுக்கு வந்த மாதிரி இருக்கு லா" என்று பக்கத்துப் பூக்கடை சபாபதி முகத்துக்கு நேராகவே சொல்வார்.

"ஒருத்தரோட பாஸ்போர்ட்ட ஆள் மாத்திக் குடுத்தா பரவாயில்லையோ?" என்று பிரேமினி கேட்பார். சிரிக்கமாட்டார். அவர் தந்தை கனகசபை ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். அந்த வீட்டில் சிரிப்புக்கும் நேரம் ஒதுக்கியிருப்பார்கள் என்று சபாபதி மற்றவர்களிடம் சொல்வதுண்டு.

தம்புசாமி அந்தக் கடைக்கு வாடிக்கையாளராக வரவில்லை. கேரி தீவுத் தோட்டத்தில் எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டியவர். வயதான பிறகு இங்கே ஓர் அடுக்குமாடியில் காவல்கார ஜாகா வேலை பார்த்து, அதுவும் முடிந்து, கார்ப் பட்டறைக்கு மேலே தகரக் கூரை போட்ட அறையில் இன்னும் மூன்று பேரோடு இருந்தார். ஒருநாள் தலைசுற்றி இந்தக் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டார். பிரேமினி விரலில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தார். மிக அதிகம்.

"ஊசி போடறீங்களா?"

"தவறாம போடறேன் மேடம். கிளினிக்ல குடுத்தது."

"எப்படிப் போடறீங்க? காட்டுங்கோ."

காட்டினார். முறையில் தவறில்லை.

"மருந்த எங்க வைக்கிறீங்க?"

"ரூம்ல பிரிட்ஜ் இல்ல மேடம். அதான் இளநிக் கடை ஐஸ் பெட்டியில வெச்சிருக்கேன். நல்ல பையன், காசு கேக்க மாட்டான். ஐஸுக்கு நடுவுலயே சொருகி வெச்சிருவேன். ஜில்லுன்னு இருக்கும்."

இன்சுலின் குளிரில் இருக்க வேண்டும், ஆனால் உறையக்கூடாது. உறைந்தால் பார்வைக்கு எதுவும் தெரியாது, மருந்துக்கு மட்டும் பலம் போய்விடும். பல வாரங்களாக அவர் ஒரு பயனும் இல்லாத தண்ணீரை ஒழுங்காக வயிற்றில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அவரைக் கிளினிக்குக்கு அனுப்பிப் புதிய இன்சுலின் பேனா ஊசிகளை வாங்கிவரச் செய்தார் பிரேமினி. பயன்பாட்டில் இருக்கும் பேனாவை அறையிலேயே, சூடு படாத மூலையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். திறக்காதவற்றை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அவர் பெயரை எழுதி ஒட்டி, கடைக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தார். ஒன்று தீர்ந்ததும் அவர் வருவார். இன்னொன்றை வாங்கிப் போவார். வரும்போது சில சமயம் வாழைப்பழம் கொண்டுவருவார். பிரேமினி அதை மலரிடம் தள்ளிவிடுவார்.

விற்பனை மருந்தோடு வெளியாரின் மருந்தை வைக்கக்கூடாது என்பது பிரேமினிக்குத் தெரியும். தெரிந்தேதான் வைத்தார். அவர் வாழ்க்கையில் பொருந்தாமல் நின்றது அந்த ஒரு டப்பாதான்.

உரிமம் புதுப்பிக்கும் சமயத்தில் முகுந்தன் என்ற அதிகாரி சோதனைக்கு வந்தார். இளம் வயது, அமைதியானவர். அலமாரியைப் பார்த்தார், பதிவுகளைப் பார்த்தார், குளிர்பெட்டியின் வெப்பமானியைப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே கீழ்த்தட்டுக்குக் குனிந்தவர் டப்பாவை வெளியே எடுத்தார்.

"இது யாரோடது மேடம்?"

மலர் முந்திக்கொண்டாள். "மேடத்தோடது சார். மேடத்துக்கும் சுகர்."

"எனக்கு சுகர் இல்ல" என்றார் பிரேமினி. "அது தம்புசாமின்னு ஒருத்தரோடது. பேர்தான் எழுதியிருக்கே. அவருக்கு வைக்க இடம் இல்ல."

முகுந்தன் டப்பாவைக் கையிலேயே வைத்திருந்தார். "இந்த மருந்து வெளிய எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பக்கத்துல இருக்கறது நீங்க விக்கிற மருந்து. நாளைக்கு ஒண்ணு மாறிப் போச்சுன்னா?"

"தெரியும்."

"எழுதித்தான் ஆகணும் மேடம்."

"எழுதுங்கோ. நானா இருந்தாலும் எழுதுவேன்."

முகுந்தன் அதை எச்சரிக்கைக் குறிப்பாக எழுதினார். டப்பா அன்றே போக வேண்டும். மறுபடி வந்து பார்த்த பிறகுதான் உரிமம். வாசல் வரை போனவர் திரும்பி, "அந்தப் பெரியவர் என்ன செய்வாரு?" என்று கேட்டார்.

விதி என்பது முகம் தெரியாதவர்கள் மீது காட்டும் அக்கறை. நாளை அந்தக் குளிர்பெட்டியிலிருந்து மருந்து வாங்கப்போகிற ஒரு குழந்தையை முகுந்தன் பார்த்ததில்லை. அதற்காகவே அவர் அதை எழுதினார். பிரேமினிக்கும் அவர்மேல் கோபமில்லை. ஆனால் தம்புசாமிக்கு முகம் இருந்தது. அடுத்த பேனாவுக்கு அவர் அன்று மாலையே வருவார்.

அதுவரை மலர் வழிகளைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"முக்குல சாப்பாட்டுக் கடை பிரிட்ஜ்ல வைக்கலாம் மேடம்."

"நாள் முழுக்கத் திறந்து திறந்து மூடுவாங்க. உள்ள குளிரே நிக்காது."

"எங்க வீட்ல?"

"நீ கிள்ளான்ல இருக்கிறாய். ஒரு பேனாவுக்கு அந்த மனுசன் ரயில் ஏறணுமோ?"

தம்புசாமி வந்ததும் விஷயத்தைச் சொன்னார்கள். அவர் டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"என்னால உங்க கடைக்குக் கெட்ட பேரு வேணாம் மேடம். இளநிக் கடைப் பையன்கிட்டயே சொல்லி வெச்சுக்கறேன். இந்தவாட்டி ஐஸ் மேல துணி போட்டு, அதுக்கு மேல வைக்கறேன். சரியா இருக்கும்ல?"

பிரேமினி கோட்டுப் பையிலிருந்து சங்கிலியை எடுத்தார். அலமாரிச் சாவிக்குப் பக்கத்திலிருந்த இன்னொரு சாவியை வளையத்திலிருந்து கழற்ற முயன்றார். வளையம் இறுகியிருந்தது, நகம் மடங்கியது. கழற்றி மேசையில் வைத்தார். ஸ்காட் சாலையில் அவர் தனியாக இருக்கும் வீட்டுச் சாவி. மலர்கூட அந்த வீட்டின் கிராதிக் கதவைத் தாண்டி உள்ளே போனதில்லை.

"கதவத் திறந்தா வலது பக்கம் சமையலறை. பிரிட்ஜ்ல நடுத்தட்டு. மேல வைக்கக்கூடாது, உறைஞ்சிடும். கதவோரமும் கூடாது. வேணும்கிறப்போ போய் எடுத்துக்கோங்கோ."

"சாவியெல்லாம் வேணாம் மேடம். யாராச்சும் பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"நடுத்தட்டு" என்றார் பிரேமினி மறுபடியும்.

தம்புசாமி சாவியைச் சட்டைப் பையில் போட்டு, அதன் மேல் கையை வைத்தபடியே படி இறங்கினார்.

மலரால் பொறுக்க முடியவில்லை. "மேடம், ஒரு பேனா தீர்ந்தா ஒண்ணுதானே? காலைல வரும்போது நீங்களே எடுத்துட்டு வந்து குடுத்திருக்கலாமே. எதுக்குச் சாவி?"

கேள்வி நியாயமானது. மலர் பிறகும் சிலமுறை கேட்டிருக்கிறாள். சபாபதியும் தன் பாணியில் கேட்டுப் பார்த்தார். முகுந்தன் வந்து கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டுப் போனார், உரிமமும் வந்தது. பிரேமினி வீட்டுக்குப் போனால், தம்புசாமி வைத்துவிட்டுப் போன வாழைப்பழம் சில நாள் மேசையில் இருக்கிறது. மலர் முதலில் கேட்ட அன்று பிரேமினி சங்கிலியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, அலமாரி பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.