மைக்கில் ஒரு டமால்

நான் காமிக்ஸ் புத்தகங்களைத் தமிழாக்குகிறவன். வசனங்களைவிட ‘டமால்’, ‘தொபீர்’, ‘விஷ்ஷ்’ போன்ற சத்தங்களுக்குத்தான் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்வேன். இந்தத் தகுதியை நம்பி, எங்கள் அடையாறு தெருவின் ஃபுட்பால் டீம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நந்தனம் மைதானத்தில் கமென்ட்ரி சொல்லச் சொல்லி என் கையில் மைக்கைத் திணித்தது. எனக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. பந்தை உதைத்தால் ‘டமால்’, எவனாவது விழுந்தால் ‘தொபீர்’ என்று கத்தித் தொலைத்தேன். அதுவரை தோற்றே பழகிய டீம் அன்று ஜெயித்துவிட்டது.

பிடித்தது சனி. ஆட்டோ ஓட்டும் கேப்டன் ஞாயிறுதோறும் என் வாசலில் ஹாரன் அடித்தான்.

“வேலை இருக்குப்பா.”

“இன்னாண்ணா நீ? சென்டிமென்ட்டுண்ணா! நீ கத்தலன்னா தோத்துருவோம்.”

திட்டிக்கொண்டே ஏறுவேன். ஒவ்வொரு வாரமும் ஜெயித்தார்கள். ஒரு தடவை தோற்றிருந்தால் தப்பித்திருப்பேன்.

ஃபைனலன்று எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்று. கேப்டனுக்கு அழுகையே வந்துவிட்டது. மைக்கைப் பிடித்தபடி ஊமையாக உட்கார்ந்திருந்தேன். அந்த சீசனில் இல்லாத அளவுக்கு, ஐந்து கோல் போட்டு ஜெயித்தார்கள்.

விட்டது தொல்லை என்று எழுந்தேன். கேப்டன் கோப்பையோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டான்.

“அடுத்த சீசனும் நீதாண்ணா மைக்கு. இதே மாதிரி கம்முனு குந்திக்கினு இரு. வாயை மட்டும் தொறந்துடாத.”