லூயிசா டீச்சரின் புதன்கிழமை

சாந்தோமில் லூயிசா டீச்சரைத் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பார், கோயிலில் பாட்டெடுப்பார். கணவர் போன பிறகு ஒரே மகன் அகஸ்டினை ஒண்டியாளாக வளர்த்தவர். நாற்பத்தொன்றில் அகஸ்டின் பட்டாளத்து ஆஸ்பத்திரி வேலைக்கென்று சிங்கப்பூருக்குக் கப்பலேறினான். சில மாதத்திலேயே சிங்கப்பூர் ஜப்பான்காரன் கையில் விழுந்தது. அப்புறம் மகனிடமிருந்து ஒரு கடுதாசி கூட வரவில்லை.

அந்தச் சித்திரையில், தேனாம்பேட்டைப் பக்கம் போய்விட்டு வரும்போது டீச்சர் ஒரு கைவண்டியைப் பார்த்தார். இருபது ஆடுகள். நாலு காலையும் சேர்த்துக் கட்டி, விறகு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்கள். அடியில் நசுங்கிக் கிடந்தது இன்னும் கத்திக்கொண்டிருந்தது. சாகப்போவதுதான், யார் இல்லை என்றார்கள்? அதற்காக இந்தப் பாடா? அன்றைக்கு வீட்டில் கறிக்குழம்பு. தொடவில்லை, அதன்பிறகு தொடவே இல்லை.

தன்னோடு விட்டிருக்கலாம், மனுஷி. விட்டாரா? தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். "வெள்ளிக்கிழமைதான் நாம கறி சாப்பிடறதில்லையே. புதன்கிழமையும் விட்டுடுங்க. அந்த ஆடுங்க படற பாட்டைப் பாத்துட்டு வந்தேன். நாம கொறைச்சா அதுல ஒண்ணு ரெண்டாவது தப்பிக்கும்."

எதிர்வீட்டு மரியதாஸ் சிரித்தார். "இன்னா டீச்சரம்மா, ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். உங்க வூட்டு குருமா வாசனை கடற்கரை வரைக்கும் வந்துகினு இருந்துச்சே."

ஆனால் அடுத்த புதன்கிழமை மரியதாஸ் வீட்டில் கறி வேகவில்லை. ஒரு மாதத்துக்குள் பதினோரு வீடுகள் சேர்ந்துகொண்டன. டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. கசாப்புக்கடை இனாயத் பாய்கூட, புதன்கிழமையில் ஒரு ஆடு கம்மியாக அறுப்பதாகச் சொன்னார். மகனை நினைத்து நெஞ்சு அடைத்த நாட்களில், அந்த ஒரு ஆட்டை நினைத்துத்தான் டீச்சர் மூச்சு விட்டார்.

மூன்றரை வருஷம் ஓடியது. நாற்பத்தைந்து ஐப்பசியில் அகஸ்டின் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மரியதாஸ் தாயையும் மகனையும் தெருமுனைப் பந்தலுக்கு அழைத்துப்போனார். அங்கே பெரிய பெரிய அண்டாக்களில் கறி கொதித்தது. பதினோரு வீட்டுக்கும் பதினோரு ஆடு அறுத்திருந்தார்கள்.

"இது இன்னாது மரியதாஸ்?" டீச்சர் அண்டாக்களைக் காட்டினார்.

"நேர்ச்சை டீச்சரம்மா. புள்ள திரும்பி வந்தா வூட்டுக்கு ஒரு ஆடு வெட்டி ஊருக்கே சோறு போடறதா அந்தோணியாருகிட்ட வேண்டிக்கினோம். அன்னிக்கு நீங்க ஆட்டைச் சாக்கு சொல்லிக் கேட்டப்பவே, புதன்கிழமை கறியை விடறது புள்ளைக்காகத்தான்னு எங்களுக்குப் புரிஞ்சிபோச்சு. பெத்த வயிறு, வாய்விட்டுச் சொல்லுமா?"

ஆக, ஒருத்தர் கூட, ஒரே ஒரு புதன்கிழமை கூட, ஆட்டுக்காக விடவில்லை. அடப்பாவிகளா, இவ்வளவு அன்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது? சொல்லித்தான் தீரவேண்டும் என்று டீச்சர் வாயைத் திறந்தார்.

முதல் இலையில் அகஸ்டின். சிறைமுகாமில் பசிக்கு எலி தின்றவன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது.

"எனக்காகவாம்மா இத்தினி வருஷம் கறி சாப்பிடாம இருந்தே?" கண் நிறைந்திருந்தது.

இல்லை என்றால், பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்றே தெரியாத நாளில் தாய் ஆட்டுக்காக வீடு வீடாக அலைந்தாள் என்றாகிவிடும்.

"ஆமாம்பா," என்றார் டீச்சர்.

"நேர்ச்சை தீந்துபோச்சு. இனிமே புதன்கிழமையும் அடுப்புல கறி ஏறலாம்," என்று மரியதாஸ் அவர் இலையிலும் ஒரு கரண்டி கறி போட்டார். அகஸ்டின் தாயையே பார்த்துக்கொண்டிருந்தான். டீச்சர் ஒரு துண்டை எடுத்து மென்று விழுங்கினார்.