வயிறு விற்காத செம்மலை

“மொட்டையா வயிறுன்னா எப்படித் தாயி? வயித்துக்குள்ள எந்தச் சாமான்?” என்று கேட்டுவிட்டு, செம்மலை கையிலிருந்த சின்னச் சுத்தியலைக் கீழே வைத்தார். எதிரே நின்றவள் நாச்சியாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்தவள். வயிறு வலிக்கிறது என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அம்மன் காலடியில் ஒரு வயிற்றுத் தகட்டைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

“வலிக்குதுய்யா. அம்புட்டுத்தான்.”

“அது ஆத்தாளுக்குப் போதாது. அங்குட்டுத் தள்ளி நேரா நில்லுங்க. காலைச் சேத்து வைங்க. உள்ளங்கை ரெண்டும் முன்னால பாக்கட்டும். ஆங்! இப்ப ஒத்த வெரலால தொட்டுக் காட்டுங்க.”

காரைக்குடியில் அம்மன் கோயில் வாசலில் காணிக்கைத் தகடு விற்பவர் செம்மலை. கண் நோவுக்கு வேண்டிக்கொண்டவர்கள் கண் பதித்த தகட்டையும், கால் நோவுக்கு வேண்டிக்கொண்டவர்கள் கால் பதித்த தகட்டையும் வாங்கி அம்மனுக்குச் செலுத்துவார்கள். பித்தளை அச்சின் மேல் மெல்லிய வெள்ளைத் தகட்டை வைத்து நாலு தட்டுத் தட்டினால் உறுப்பு எழும்பி வரும். மற்றக் கடைகளில் கண், கை, கால், வயிறு, முழு ஆள், தொட்டில் பிள்ளை என்பதோடு மனித உடம்பு முடிந்துவிடும். செம்மலை கடையில் இரைப்பை தனி, சிறுகுடல் தனி, பெருங்குடல் தனி. மண்ணீரல் உண்டு. கணையம்கூட உண்டு. அதை இதுவரை ஒருத்தரும் கேட்டு வாங்கியதில்லை என்றாலும் வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் துலக்கி முன்வரிசையில் வைப்பார். வயிறு மட்டும் கிடையாது. பழைய வயிற்று அச்சை உருக்கித்தான் கல்லீரல் அச்சு வார்த்திருந்தார்.

மனிதர் ஒல்லி. விலா எலும்பை எண்ணிவிடலாம். கேட்டால் அவரே சட்டையைத் தூக்கி எண்ணிக் காட்டுவார், கேட்காவிட்டாலும் காட்டுவார்.

இந்தக் கிறுக்கு அவரைப் பிடித்தது கானாடுகாத்தானில். உமையாள் ஆச்சி வீட்டில் வேண்டாத சாமான்களைக் கழிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அச்சு வார்க்கப் பழைய பித்தளை கிடைக்குமா என்று பார்க்கப் போனார். வீட்டின் இரண்டாம் கட்டு முற்றத்தில் தூணோரமாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தலை இல்லை. தொடைக்குக் கீழே ஒன்றும் இல்லை. நெஞ்சும் வயிறும் கதவு மாதிரித் திறந்தன. உள்ளே கலர் கலராக ஈரலும் குடலும், ஒவ்வொன்றையும் கழற்றி மாட்டலாம். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்காகச் செய்த சுண்ணாம்புப் பொம்மை அது. ரங்கூனில் கடை வைத்திருந்த ஆச்சியின் மாமனார் அங்கே ஏலத்தில் எடுத்துக் கப்பலில் கொண்டுவந்தாராம். எதற்காக எடுத்தார் என்பது அவரோடு போய்விட்டது. பர்மாவிலிருந்து வந்த எதையும் தூக்கிப் போடக் கூடாது என்று அது பாட்டுக்கு இத்தனை காலம் நின்றிருக்கிறது. செம்மலை பித்தளையை மறந்துவிட்டு அவரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கடையில் நிறுத்தினார். கடைத்தெருவில் அவருக்கு ரங்கூன்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

கோயில் வாசலில் எது நின்றாலும் சும்மா விடுமா சனம்? முதல் வாரத்திலேயே ரங்கூன்காரருக்குக் குங்குமம் வைத்துவிட்டார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழ மாலை போட்டாள். செம்மலை ஓடிவந்து கழற்றினார். “இவுக சாமி இல்லத்தா, பாடம்!” என்று கத்தினார். பாடம் என்றதும் இன்னும் பக்தியாகக் கும்பிட்டாள்.

பாடத்துக்குப் புத்தகமும் சேர்ந்தது. பஸ் நிலையத்துப் பழைய புத்தகக்காரர் கொடுத்தார். புதிதாக உடற்கூறு படிக்க வருகிற நர்ஸ் பிள்ளைகளுக்கான மெல்லிய புத்தகம், அட்டை கிழிந்தது. செம்மலை அதில் முதல் அத்தியாயத்தைத் தாண்டவே இல்லை, ஆனால் அந்த அத்தியாயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். உடம்பு எப்போதும் நிமிர்ந்து, கால் சேர்த்து, உள்ளங்கையை முன்னே காட்டி நிற்பதாகவே வைத்துப் பேச வேண்டும். வலம் என்றால் அந்த உடம்பின் வலம், பார்க்கிறவனுடைய வலம் அல்ல. முன்புறம், பின்புறம், நடுக்கோடு, அண்மை, சேய்மை. அதன் பிறகு அவருக்கு இட்லிக்கடை கோயிலுக்கு அண்மையிலும் பஸ் நிலையம் சேய்மையிலும் போய்விட்டன. வீட்டில் அவர் மனைவி சோலையம்மாள் அரிவாள்மணையைத் தேடினால், “அடுப்புக்குப் பின்புறம், நடுக்கோட்டுக்கு இடப்பக்கம்” என்பார்.

“யாருக்கு இடப்பக்கம்? எனக்கா, ஒங்களுக்கா?”

“அடுப்புக்கு.”

சோலையம்மாள் பக்கத்து வீட்டு அரிவாள்மணையை வாங்கி வெங்காயம் நறுக்குவாள்.

தகடு வாங்க வருகிறவர்களை அவர் நிறுத்தி வைத்த நிலைதான் பெரிய கூத்து. கோயில் வாசலில் ஒரு ஆள் நிமிர்ந்து நின்று இரண்டு கையையும் விரித்து முன்னே காட்டினால் உள்ளே போகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? காசு போட்டுவிட்டுப் போனார்கள். புதுவயலில் நாலு ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் பெரியகருப்பன், முழங்கால் தகடு வாங்க வந்து நின்ற இடத்தில் ஒரு கை நிறையச் சில்லறையும் ஒரு வாழைப்பழமும் சேர்ந்துவிட்டன. கூசிப்போய்ச் சில்லறை அத்தனையையும் உண்டியலில் போட்டார். பழத்தை என்ன செய்தார் என்று தெரியவில்லை.

எதிர்க்கடை அழகிக்கு இதெல்லாம் கொண்டாட்டம். அவளும் தகடுதான் விற்றாள், பழைய கண், பழைய கால், பழைய வயிறு. “இங்குட்டு வாங்க, இங்க பரீச்சை கெடையாது!” என்று கூப்பிடுவாள். வயிற்று வலிக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். “எந்தக் கொடலுன்னு ஆத்தாளுக்குத் தெரியாதாக்கும்? இவரு போயி வெலாசம் சொல்லணுமாக்கும்?” என்பது அவள் கட்சி.

செம்மலை அசையவில்லை, ஏனென்றால் அவரிடம் சாட்சி இருந்தது. அதே பெரியகருப்பன் ஒரு மாதம் கழித்துக் கோபமாக வந்தார். “வலது முழங்காலுன்னுதானே கேட்டேன்? வலிச்ச காலு வலிச்சபடியே கெடக்கு. நல்லாயிருந்த இடது காலு இன்னும் நல்லாயிருச்சுய்யா! இப்ப அது முன்னால போகுது, இது வர மாட்டேங்குது!”

செம்மலை துள்ளி எழுந்தார். பூசாரி தகட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறார், வேறென்ன? கவிழ்த்ததும் வலம் இடமாகிவிட்டது, ஆத்தா தகட்டில் கண்டபடி இடது காலைக் குணப்படுத்திவிட்டாள். ஆத்தா தகட்டைப் பார்த்துத்தான் வைத்தியம் பார்க்கிறாள், எழுத்துப் பிசகாமல் பார்க்கிறாள்! அன்று முதல் ஒவ்வொரு தகட்டிலும் ஆணியால் ‘முன்’ என்று ஒரு பக்கமும் ‘பின்’ என்று மறுபக்கமும் கீறிக் கொடுத்தார். பெரியகருப்பனுக்கு இன்னொரு வலது முழங்கால் இலவசம்.

மாசி மாதத்தில் சோலையம்மாளுக்கு வயிற்று வலி வந்தது.

முதலில் வாயு என்றாள். ஓமத்தண்ணீர் குடித்தாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, கண் மஞ்சள் பூத்தது. டாக்டர் பார்த்துவிட்டுப் பித்தப்பையில் கல் என்றார். மதுரைக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்துவிட வேண்டும், நாளைக் கடத்தினால் ஆபத்து என்று செம்மலையைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். சோலையம்மாள் ஒரே பிடியாக நின்றாள். “ஆத்தாளுக்குச் செலுத்தாம நான் கத்திக்குப் போயிப் படுக்க மாட்டேன். ஒரு தகட்டைப் போட்டுட்டு வாங்க, கெளம்புவோம்.”

செம்மலை கடைக்கு ஓடினார். இரைப்பை இருந்தது, கணையம் பளபளவென்று இருந்தது, பித்தப்பை இல்லை. ரங்கூன்காரரைத் திறந்தார். கல்லீரலுக்கு அடியில் வலப்பக்கம் ஒரு சின்னப் பள்ளம், நடுவில் ஒரு முளை. இத்தனை நாளும் மனிதனுக்கு அந்த இடத்தில் பள்ளம்தான் என்று நினைத்திருந்தார். அங்கே இருந்த சாமான் எங்கேயோ விழுந்துவிட்டது. கல்லீரல் தகட்டைப் போட்டால் ஆத்தா கல்லீரலைப் பார்த்துவிட்டுப் போய்விடுவாள். இரைப்பையைப் போட்டால் இரைப்பை இன்னும் நல்லாகும். பெரியகருப்பனின் முழங்கால் கண் முன்னே நின்றது. விழுந்த சாமானைத் தேடிப் பிடித்தால் அதைப் பார்த்துத் தகடு தட்டிவிடலாம் என்று செம்மலை கானாடுகாத்தானுக்குப் பஸ் ஏறினார்.

“பச்சையா, கத்திரிக்காயாட்டம் இருக்குமே, அதுவா?” என்றார் உமையாள் ஆச்சி. “அதைப் புள்ளைக செப்புச் சாமானோட வச்சு வெளையாண்டுக்கிட்டு இருந்தாக. எங்க மக கல்யாணத்துக்குச் சீர்ச் சாமான் பரப்புனோமுல்ல, அண்டாவுலேருந்து செப்புச் சட்டி வரைக்கும் ஒண்ணு விடலே. அதோட கத்திரிக்காயும் சீராப் போயிருச்சு.”

“ஆச்சி, அது கத்திரிக்கா இல்லே. பித்தப்பை.”

“எதுவா வேணா இருக்கட்டுமப்பா. சீராக் குடுத்ததைத் திருப்பிக் கேட்டா சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாக?”

“எந்த ஊருல குடுத்திருக்கீக? நான் பக்குவமாக் கேட்டுக்கிறேன்.”

“குடுத்தது நெற்குப்பையில. ஆனா மகளும் மாப்பிள்ளையும் பினாங்குல இருக்காக. சாமானும் அங்கதான் இருக்கு.”

ரங்கூனிலிருந்து வந்த பித்தப்பை கல்யாணம் கட்டிப் பினாங்குக்குப் போய்விட்டது. செம்மலை பஸ்ஸில் திரும்பும்போது கத்திரிக்காய் மாதிரி என்று ஆச்சி சொன்னதையே பிடித்துக்கொண்டார். கடையில் உட்கார்ந்து, அச்சு இல்லாமல் ஆணியாலேயே ஒரு தகட்டில் தட்டி எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சோலையம்மாளிடம் காட்டினார்.

அவள் பாயில் சுருண்டு கிடந்தபடி வாங்கிப் பார்த்தாள். “கத்திரிக்காயா போட்டிருக்கீக?”

செம்மலைக்கு மனசு விட்டுப்போனது. பார்த்த மனைவிக்கே கத்திரிக்காயாகத் தெரிந்தால் ஆத்தாளுக்கு எப்படித் தெரியும்? தோட்டத்தில் சொத்தை விழாமலிருக்க எவனோ குடியானவன் செலுத்தியது என்று எடுத்துக்கொண்டால்?

“எந்திரி புள்ளே. ஒரு தடவை நேரா நில்லு. எங்கிட்டுன்னு சரியாத் தெரிஞ்சுக்கிட்டா ஏதாவது பண்ணிப்புடலாம்.”

சோலையம்மாள் சுவரைப் பிடித்து எழுந்தாள். இத்தனை நாள் இந்தப் பாடத்தைக் கேலி செய்தவள், காலைச் சேர்த்து வைத்து, உள்ளங்கை இரண்டையும் முன்னே காட்டி நின்றாள். “ஒத்த வெரலால காட்டு” என்றார் செம்மலை. அவள் விரலை நீட்டவில்லை. இரண்டு கையாலும் வயிற்றை அள்ளிப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அம்புட்டும் வலிக்குதுங்க. என்னத்தையாவது போட்டுட்டு வாங்க.”

அவருக்குப் பயம் வந்தது. தாலி கட்டிய நாளிலிருந்து அவள் ஒரு தலைவலி என்று படுத்ததில்லை. இவள் போய்விட்டால் என்று முதல் தடவையாக நினைத்தார். தோளில் துண்டுகூட இல்லாமல் கோயில் தெருவுக்கு நடந்தார். தன் கடையைத் திறக்கவில்லை. நேரே தெருவைக் கடந்து அழகி கடை முன்னால் போய் நின்றார்.

அழகி நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கடைக்கு அவர் வந்ததே இல்லை.

“ஒரு வயிறு குடு தாயி.”

இந்த நேரத்துக்காக அவள் மாதக் கணக்கில் ஒரு வார்த்தையைச் சேர்த்து வைத்திருந்தாள். அவர் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்கு முன்னால் அது வாயை விட்டு வந்துவிட்டது. “வயித்துக்குள்ள எந்தச் சாமான் அண்ணே?”

செம்மலை நேராக நின்றார். காலைச் சேர்த்து வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் திருப்பிக் காட்டினார். அழகி ஒரு வயிற்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.