கடலோர நடைபாதையில் இரண்டு தரம்

எங்கள் வீட்டு அல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. மகள், அதில் நீ பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உனக்குப் பின்னால் கடல். பக்கத்தில் நான். ஆனால் நான் கமராவைப் பார்க்கவில்லை. குனிந்து என் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது, "என்ன அண்ணை, மெக்சிக்கோவுக்குப் போயும் கைரேகை பாக்கிறியளோ?" என்று கேட்பார்கள். நான் சிரித்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போய்விடுவேன்.

போன கிழமை உன் தம்பியின் எட்டாவது பிறந்தநாளுக்கு வந்தவர்களிடம் நீ அந்தப் படத்தைக் காட்டினாய். "அப்பாவுக்கு அந்த இடம் சரியான விருப்பம். ஒரு பின்னேரத்துக்குள்ள என்னை ரெண்டு தரம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினவர்" என்றாய். உன் அம்மா என்னைப் பார்த்தார். நான் கேக் வெட்டிய கத்தியைக் கழுவ எழும்பிப் போனேன்.

அந்தப் பின்னேரம் நடந்தது வேறு. ஐந்து வருஷமாக அதை உனக்குச் சொல்லவில்லை. வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்று தெரியும், அதனால் எழுதுகிறேன். உங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் வாசிக்க நேரமெடுக்கும். பரவாயில்லை, ஆறுதலாக வாசியுங்கள். விளங்காததை அம்மாவிடம் கேளுங்கள். அவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

அப்போது உனக்கு எட்டு வயது, தம்பிக்கு மூன்று. மொன்றியலில், நோத்ர-டாம்-த-கிரேஸில் இதே வீட்டில்தான் இருந்தோம். மார்ச் விடுமுறைக்கு உன் வகுப்பில் பாதிப் பேர் மெக்சிக்கோ, கியூபா என்று போய்க் கறுத்து வருவார்கள். "நாங்கள் ஏற்கெனவே கறுப்புத்தானே, எங்களுக்கு எதுக்கு?" என்று பகிடி விட்டுப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. அந்த வருஷம்தான் எங்களுக்குக் குடியுரிமை கிடைத்து, நாலு பேருக்கும் நீல நிறக் கடவுச்சீட்டு வந்திருந்தது. சாட்டுச் சொல்ல என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

டவுன்டவுனில் நான் வேலை செய்த சாப்பாட்டுக் கடையின் குசினியில் ஒரு மெக்சிக்கோக்காரர் கோப்பை கழுவினார். அவர் புவேர்த்தோ வயார்த்தா என்ற கடற்கரை ஊர்க்காரர். நாங்களும் அங்கேதான் போகிறோம் என்றதும் கையைத் துடைத்துவிட்டு, ஓடர் எழுதும் துண்டின் பின்பக்கத்தில் எனக்கு எழுதித் தந்தார். அங்கே கடலோரமாக நீளத்துக்கு ஒரு நடைபாதை இருக்கிறது, அதை மலேக்கோன் என்பார்கள். அதில் நடக்கவேண்டும். மணலில் சிலை செய்கிறவரிடம் நிற்கவேண்டும். மிளகாய்த்தூள் தூவிய மாம்பழம் தின்னவேண்டும். ஏணிச் சிலையில் ஏறவேண்டும். உயரக் கம்பத்தின் நுனியிலிருந்து கயிற்றில் தலைகீழாகச் சுற்றி இறங்குகிற ஆட்களைப் பார்க்கவேண்டும். கடைசியில் அங்கே கிடக்கிற வாங்கு ஒன்றில் குந்தியிருந்து, சூரியன் முழுதாகத் தண்ணீருக்குள் போகும்வரை எழும்பக்கூடாது. "பாதியில் எழும்புகிறவன் அங்கே போகவில்லை என்றுதான் கணக்கு" என்றார். நாங்கள் இரண்டு பேரும் பேசியது உடைந்த பிரெஞ்சில். ஆனாலும் அதை அவர் மூன்று தரம் சொன்னார்.

அம்மா பயணப் பெட்டியில் முதலில் வைத்தது ஒரு பிஸ்கட் ரின். அதற்குள் ஒரு பையில் கறித்தூள். ஹோட்டல் முட்டையை உப்போடு மட்டும் ஒரு கிழமை தின்ன அவரால் முடியாது. நான் முதலில் எடுத்தது இடுப்பில் கட்டுகிற ஒரு துணிப்பை. அதற்குள் நாலு கடவுச்சீட்டும் காசும். ஹோட்டல் அறையில் இலக்கம் அமத்திப் பூட்டுகிற இரும்புப் பெட்டி இருந்தது. பூட்டிய பிறகு திறக்காமல் விட்டால் என்ன செய்வது என்று நான் அதைத் தொடவேயில்லை. பை உடுப்புக்குள் என் வயிற்றோடு ஒட்டியே இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் கையால் தடவிப் பார்ப்பேன். அதோடு கடலில் எப்படி இறங்குவது?

"அப்பா, தண்ணிக்கு வாங்கோவன்" என்று நீ கூப்பிடுவாய்.

"பேந்து வாறன், பிள்ளை."

"ஒவ்வொரு நாளும் பேந்துதான்" என்பாய்.

பிறந்த நாட்டில் நான் வளர்ந்த காலத்தில், வீதியில் சோதனைச்சாவடிகள் இருந்தன. வீட்டிலிருந்து வெளிக்கிடும்போது செருப்பை மறந்தாலும் அடையாள அட்டையை மறக்கமாட்டோம். சீருடையைக் கண்டால் அவர் கேட்கும் முன்னமே அட்டை கைக்கு வந்துவிடும். ஒருதரம் அட்டை இல்லாமல் பிடிபட்டு, ஒரு பகல் முழுக்க வெயிலில் குந்தியிருந்திருக்கிறேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதவில்லை. அந்தப் பழக்கம் உடம்பை விட்டுப் போகவில்லை என்பது மட்டும் உங்களுக்கு விளங்கினால் போதும்.

கடைசி நாள் தம்பிக்கு வயிற்றுக்கோளாறு. அம்மா அவனோடு அறையில் நின்றார். அடுத்த நாள் விடிய விமானம். பின்னேரம் நானும் நீயும் மட்டும் அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு மலேக்கோனுக்குப் போனோம்.

முதலில் மணல் சிலை. ஒரு மனிதர் பெரிய முதலை ஒன்று செய்துகொண்டிருந்தார். வாய் திறந்தபடி இருந்தது, பற்களை ஒரு கரண்டிக் காம்பால் செதுக்கினார். நான் பையைத் திறந்து ஒரு நாணயம் எடுத்து அவருடைய வாளிக்குள் போட்டேன். பிறகு மாம்பழம். வண்டியில் நின்ற மனுசி ஒரு பழத்தைத் தடியில் குத்தி, பூப்போல வெட்டி, தேசிக்காய் பிழிந்து, மிளகாய்த்தூள் தூவித் தந்தார். மறுபடியும் பையைத் திறந்தேன். "அம்மாவின்ர தூள்தான் திறம்" என்றாய், ஆனால் முழுவதையும் தின்றாய். பிறகு ஏணிச் சிலை. வெறும் ஏணி ஒன்று எதிலும் சாராமல் ஆகாயத்தைப் பார்த்து நிற்கும். அதில் இரண்டு உருவங்கள் ஏறிக்கொண்டிருக்கும். நீயும் ஏறினாய். நான் கீழே இரண்டு கையையும் விரித்தபடி நின்றேன். பிறகு கம்பத்து ஆட்கள். அவர்கள் சுற்றிச் சுற்றி இறங்க, ஒருவர் மேலேயே இருந்து குழல் ஊதினார். தொப்பி நீட்டினார்கள், திரும்பவும் பையைத் திறந்தேன்.

உன்னைக் கடலுக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுக்கக் கமராவைத் தூக்கியபோது, ஒரு பொலிஸ்காரர் என்னை நோக்கி வந்தார். வெள்ளைச் சேட்டு, அரைக் காற்சட்டை, இடுப்பில் துவக்கு. என்னைப் பார்த்துத்தான் வந்தார்.

அவர் வாய் திறக்க முன்னமே நான் பைக்குள் கையை விட்டு, கடவுச்சீட்டுகளை வெளியே எடுத்து நீட்டிவிட்டேன்.

அவர் அவற்றை வாங்கவில்லை. என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கமராவைக் காட்டி, உன்னையும் என்னையும் காட்டி, விரலால் அமத்திக் காட்டினார். இரண்டு பேரையும் சேர்த்துப் படம் எடுத்துத் தரவா என்று கேட்கத்தான் வந்திருக்கிறார்.

"அப்பா, ஏன் பொலிசுக்குப் பாஸ்போட் காட்டுறீங்கள்?"

"சும்மாதான் பிள்ளை. நில்லு, படம் எடுக்கப் போறார்."

நான் உன் பக்கத்தில் வந்து நின்றேன். கையில் இருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மூன்று. திருப்பிப் பார்த்தேன். என்னுடையது, அம்மாவினது, தம்பியினது. உன்னுடையது இல்லை. அந்த நேரத்தில்தான் அவர் அமத்தினார். அதுதான் அந்தப் படம்.

அவருக்கு நன்றி சொன்னேனோ தெரியாது. நீ கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் திரும்பி நின்று பையைத் தலைகீழாக உதறினேன். நாளை விடிய நாங்கள் மூன்று பேர் மொன்றியலுக்குப் போகலாம், நீ போகமுடியாது. தலைக்குள் அது மட்டும்தான் ஓடியது. தூதரகம் இருக்கிறது, முறையிட்டால் வேறு பத்திரம் தருவார்கள் என்றெல்லாம் இப்போது தெரியும். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, கையில் அட்டை இல்லாதவனைப் பிடித்து இருத்துவார்கள் என்பதுதான். உன்னை ஒரு அறையில் இருத்துவதாக நினைத்தேன். கதிரையில் உன் கால் நிலத்தில் எட்டாது என்று நினைத்தேன்.

பை திறந்த இடம் எல்லாம் எனக்கு நினைவிருந்தது. வெளிச்சம் போகுமுன் அவ்வளவையும் பார்க்கவேண்டும். உனக்குச் சொன்னால் நீ அழுவாய், நீ அழுதால் நான் நிற்கமாட்டேன். அதனால், "பிள்ளை, நாளைக்குப் போறம்தானே. எல்லாத்தையும் இன்னொருக்காப் பாப்பமா?" என்றேன்.

நீ என்னை நம்பாமல் பார்த்தாய். "உண்மையாவோ? எல்லாத்தையுமோ?"

"ஓம். எல்லாத்தையும்."

நீ எனக்கு முன்னால் ஓடினாய்.

கம்பத்தடியில் நின்ற சனத்தின் கால்களுக்குள் நான் குனிந்து குனிந்து தேடினேன். ஏணியில் நீ திரும்பவும் ஏறியபோது நான் உன்னைப் பிடிக்கக் கை நீட்டவில்லை, சிலையின் அடிக்கல்லைச் சுற்றி வந்தேன். மாம்பழ வண்டியில் தோல் போடுகிற வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். அந்த மனுசி எனக்கு இன்னும் பசி என்று நினைத்தாரோ, என் நிலையைக் கண்டு இரங்கினாரோ, இன்னொரு பழத்தை வெட்டி உன் கையில் தந்து, காசு வேண்டாம் என்று தலையாட்டினார். கடவுச்சீட்டை அவருக்குக் காட்டி, இதேபோல் ஒன்று என்று சைகை செய்தேன். அவர் தன் ஏப்ரனைத் தட்டிக் காட்டி, கையை விரித்தார். நீ அதைக் காணவில்லை. உன் வாய் முழுக்க மாம்பழம்.

முதலையிடம் வந்தபோது வால் வரைக்கும் முடிந்திருந்தது. நான் சிலையைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இப்பால் முழந்தாளில் இருந்து மணலை இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் பார்த்தேன். சிலைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் மணல் கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கயிற்றைத் தூக்கி உன்னை உள்ளே விட்டு, தண்ணீர் அடிக்கிற போத்தலை உன்னிடம் தந்தார். காய்ந்து உதிராமல் இருக்க முதலைக்கு நீ தண்ணீர் அடித்தாய்.

"அப்பா, இஞ்ச பாருங்கோ, நான் முதலையைக் குளிப்பாட்டுறன்."

"பாக்கிறன் பிள்ளை" என்றேன். பார்க்கவில்லை.

இனி ஹோட்டல்தான் என்று உன் கையைப் பிடித்தேன். நீ வரவில்லை. "சூரியன் மிச்சம் இருக்கு. அந்த மாமா எழுதித் தந்தவரெல்லே, பாதியில எழும்பக்கூடாதெண்டு." வாங்கில் போய் இருந்துவிட்டாய். நானும் இருந்தேன். வாங்கின் கீழே பார்த்தேன், பக்கத்து வாங்கின் கீழே பார்த்தேன். அம்மாவிடம் என்ன சொல்வது என்று வசனம் வசனமாகக் கட்டிக் கட்டி உடைத்தேன். சனம் கைதட்டியது. நிமிர்ந்தபோது கடல் மட்டும்தான் இருந்தது.

அறைக் கதவை அம்மா திறந்தார். "ஏனப்பா இப்பிடி வேர்த்துக் கொட்டுது? முழங்கால் எல்லாம் மண்."

நீ பல்கனிக்கு ஓடித் தம்பிக்கு முதலைக் கதை சொல்லத் தொடங்கும்வரை பொறுத்திருந்து, மெல்லச் சொன்னேன். "பிள்ளையின்ர பாஸ்போட்டைத் துலைச்சுப்போட்டன்."

அம்மா போய்ப் பிஸ்கட் ரின்னைத் திறந்து, தூள் பையைத் தூக்கி, அடியிலிருந்து அதை எடுத்தார்.

"நான்தான் எடுத்தனான். காலமை நீங்கள் குளிக்கேக்க."

நான் கட்டிலில் இருந்துவிட்டேன்.

"நேற்றுக் குளிக்கிற இடத்தில ஒரு மனுசி சொன்னவ, ஆரோ ஒருவரின்ர பையைப் பறிச்சுக்கொண்டு ஓடிட்டாங்களாம். நாலையும் நீங்கள் ஒருத்தரே காவிக்கொண்டு திரியிறீங்கள். உங்களிட்டைப் பறிச்சால் எல்லாம் போச்சு. இவளின்ரயாவது தனிய இருக்கட்டும் எண்டு எடுத்தன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்தானே."

"சொன்னால் விட்டிருப்பியளே?"

விட்டிருக்கமாட்டேன். இடம்பெயர்ந்து போன நாட்களில் அம்மாவின் வீட்டில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களை ஒரே பெட்டியில் வைக்கமாட்டார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் உடுப்பில் போகும். எல்லாவற்றையும் உடம்போடு கட்டிவைப்பது என் பழக்கம். பிரித்து ஒளிப்பது அவருடைய பழக்கம். இரண்டு பழக்கமும் ஒரே அறைக்குள் இருந்தது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது. நாங்கள் சண்டை பிடிக்கவில்லை. அவர் ஈரத் துவாயால் என் முழங்காலைத் துடைத்தார்.

பல்கனியிலிருந்து உன் குரல் கேட்டது. "அப்பாவுக்கு நல்லாப் பிடிச்சிட்டுதடா. எல்லாத்தையும் ரெண்டு தரம் பாத்தவர்."

அம்மா வாயில் விரலை வைத்தார். "விடுங்கோ. சந்தோசமா இருக்கிறாள்" என்றார். அன்றைக்கு விட்டோம், பிறகு சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை. இங்கே மொன்றியல் பழைய துறைமுகத்தில் ஆற்றங்கரையோரம் நடக்கப் போனால், கடைசியில் நீ நின்று, "திருப்பியும் முதலில இருந்து" என்பாய். நானும் திரும்பி நடப்பேன். உனக்கு அது விளையாட்டு. எனக்கு ஒவ்வொரு தரமும் கை வயிற்றடிக்குப் போகும்.

அந்தக் கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டது. மூலையில் மஞ்சளாக ஒரு கறை இருக்கிறது என்று போன மாதம் நீ கேட்டாய். அது கறித்தூள். இப்போது புதியது வந்திருக்கிறது. பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு நீயே கொண்டுபோகப் போகிறாய். எங்கே வைப்பாய் என்று நான் கேட்கமாட்டேன். அம்மாவையும் கேட்கவிடமாட்டேன், முடிந்தவரைக்கும்.

எனக்கு ஒரு உதவி செய். அந்த இரண்டாவது தரத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. முதலையின் வால் எப்படி முடிந்திருந்தது, சனம் ஏன் கைதட்டியது, சூரியன் கடைசியில் எப்படி உள்ளே போனது என்று எனக்குத் தெரியாது. நீ இருந்து பார்த்தாய். இதை வாசித்து முடித்ததும் குசினிக்கு வந்து சொல்லு. நான் பாதியில் எழும்பமாட்டேன்.