மிதித்தவர் நவரட்ணம்

நவரட்ணம் முதலில் இருக்கையை முன்னே தள்ளிச் சரிசெய்வார். பிறகு பின்பார்வைக் கண்ணாடியை இரண்டு விரல்களால் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பி, பின் சீற் முழுவதும் தெரிகிறதா என்று பார்ப்பார். கார் கராஜுக்குள் நிற்கிறது. எஞ்சினை மூடும் பொனற் திறந்து கிடக்கிறது. சில நாட்களில் முன்சக்கரங்கள்கூட இருப்பதில்லை. அதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

"என்னப்பா செய்யிறியள்? உது இப்ப ஒரு இடமும் ஓடப்போறேல்லை. மிதியுங்கோ!" என்று பொனற்றுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும்.

"பொறும் பாலேஸ், கண்ணாடி சரியில்லை."

ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில், மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால், ரயர்க் கடைக்கும் பெயின்ற் அடிக்கும் இடத்துக்கும் நடுவில் இருக்கிறது அந்தக் கராஜ். மெக்கானிக் அவருடைய மனைவி பாலேஸ்வரி. ஒஷாவாவில் ஒரு கார்த் தொழிற்சாலையில் வருடக்கணக்காக வேகப் பெடல் பூட்டியவர். அங்கே வேலை நின்றதும், பழைய கார்களுக்கு அதே வேலையைச் சொந்தமாகச் செய்யத் தொடங்கினார். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் வந்த, யானைப் பலமுள்ள எஞ்சின் பூட்டிய இரண்டு கதவுக் கார்கள். மசில் கார் என்பார்கள். அவற்றின் தேய்ந்த பெடலைக் கழற்றிப் புதிது போடுவதும், கிக்டவுன் கேபிளை மாற்றுவதும் பாலேஸ்வரியின் தனிக் கலை. பெடலை அடிவரை மிதித்தால் கியர் தானாக ஒரு படி இறங்கி, கார் பாய வேண்டும். அந்தப் பாய்ச்சலுக்குப் பெயர்தான் கிக்டவுன்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து முழுதாக மிதிக்க, மற்றவர் எஞ்சின் பக்கம் நின்று அந்த மிதியையே அளவாக வைத்துக் கேபிளை இழுத்துப் பூட்ட வேண்டும். அந்த ஒருவர்தான் நவரட்ணம். ரொறன்ரோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஸ்பானரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கேட்டால் யோசிப்பார். ஆனால் கலியாண மண்டபத்தில் அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டால் பாயசம் வரும்வரை தப்ப முடியாது. போனை எடுத்து நீட்டுவார்.

"உந்தச் சிவப்புக் கார் தெரியுதே? பெடல், கிக்டவுன் எல்லாம் பாலேஸின்ரை கைவேலை. ஒஷாவாவிலை வெள்ளைக்காரர் எல்லாம் இவவைத்தான் தேடி வருகினம்." பிறகு ஒரு கணம் நிறுத்தி, சட்டைக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டு சொல்வார்: "மிதிச்சனான் நான்தான்."

மனைவியைப் பற்றிய பெருமை ஒரு பங்கு என்றால், தன் காலைப் பற்றிய பெருமை ஒன்றரைப் பங்கு. அவருடைய பஸ்ஸில் நின்றுகொண்டு போன ஒருவர்கூடத் தடுமாறி விழுந்ததில்லை. "பூ மாதிரி மிதிக்கவேணும். ஏறின சனத்துக்குப் பஸ் வெளிக்கிட்டதே தெரியக்கூடாது" என்பார். சொல்லும்போதே வலது கால் தானாக ஒரு பூவை மிதித்துக் காட்டும்.

சென்ற ஜூனில் எட்வேட்டின் கார், இழுவை லொறியின் முதுகில் ஏறித் திரும்பி வந்தது. பாலேஸ்வரி பூட்டிக் கொடுத்த கார் ஒன்று இப்படி வந்தது அதுதான் முதல் தடவை. எட்வேட் ஒஷாவாவில் பழைய கார்க்காரர்களின் சங்கத்துக்குத் தலைவர். பாலேஸ்வரியின் பெயரை வாய்க்கு வாய் பரப்பியவரும் அவர்தான். அந்த வாய் இனி வேறு மாதிரிப் பேசினால் கராஜை இழுத்து மூட வேண்டியதுதான். எட்வேட் கோபிக்கவில்லை, கத்தவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அதுதான் நவரட்ணத்துக்கு இன்னும் பயமாக இருந்தது.

கிக்டவுன் கேபிளைப் பிடித்திருந்த தகடு வளைந்து போயிருந்தது. பாலேஸ்வரி புதுத் தகடு போட்டு, "மிதியுங்கோ" என்றார். நவரட்ணம் கண்ணாடியைத் திருத்தி, மிதித்தார். "முழுக்க மிதிச்சிட்டியளே?" "ஓம், முழுக்க."

பாலேஸ்வரி கதவடிக்கு வந்து குனிந்து, அவருடைய சப்பாத்தின் மேல் கையை வைத்து அழுத்தினார். பெடல் இன்னும் இரண்டு விரலளவு கீழே போனது.

"இதென்னப்பா, இன்னும் கிடக்குதே?"

"அவ்வளவு காணும் பாலேஸ். அதுக்கு மேலை மிதிச்சால் பின்னுக்கு நிக்கிறவை விழுந்திடுவினம்."

"ஆர் நிக்கினம்?"

நவரட்ணம் கண்ணாடியைப் பார்த்தார். பின் சீற்றில் ஒரு தூசுத் துணி கிடந்தது.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இத்தனை காலமும் அவருடைய பூ மிதியைத்தான் முழு மிதி என்று நம்பி அவள் கேபிளை அளந்திருக்கிறாள். மற்றக் கார்க்காரர் காரைத் துடைத்துக் கண்காட்சியில் நிறுத்திவிட்டு, பக்கத்தில் மடக்குக் கதிரை போட்டு இருப்பவர்கள். அடிவரை மிதிக்கிறவர் எட்வேட் ஒருவர்தான். அவர் மிதித்தார், குறை மிதிக்கு அளந்த கேபிள் எட்டாமல் இழுபட்டுத் தகட்டை வளைத்தது.

பாலேஸ்வரி நிமிர்ந்து, எட்வேட்டிடம் பிழை தன்னுடையது, தானே சரிபார்த்திருக்க வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். நவரட்ணத்துக்குக் காது சுட்டது. இவள் கைவேலையில் பிழை என்று இவளே சொல்வதா? காரை விட்டு இறங்கினார்.

"நீர் பேசாமல் நில்லும். மிதிச்சனான் நான்தான்."

பிறகு எட்வேட்டின் பக்கம் திரும்பி அதையே ஆங்கிலத்தில் சொன்னார். கலியாண மண்டபத்தில் சொல்கிற அதே நிமிர்வோடுதான் சொன்னார். ஆனால் கொலரைத் தொடவில்லை. என் மனைவி பூட்டியது சரி, நான் கொடுத்த அளவு பிழை, மற்றக் கார்க்காரர் எல்லாருக்கும் நானே போன் எடுத்து, கார்களைத் திருத்தக் கொண்டுவரச் சொல்வேன் என்றார். பாலேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றார். மனைவியின் முகத்தைப் பார்த்த நவரட்ணத்துக்கு, இந்தப் பெருமை போதும் என்று இருந்தது.

எட்வேட் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தார். பாலேஸ்வரி புது அளவில் பூட்டி முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கார்த் திறப்பை எடுத்து நவரட்ணத்தின் கையில் வைத்துவிட்டு, நீட்டுக் கால்களை மடக்கிக்கொண்டு தானே பின் சீற்றில் ஏறினார்.

நானூற்றொன்று நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவு வந்தது. வழி வெறுமையாக இருந்தது.

"இப்ப மிதியுங்கோ" என்றார் பக்கத்துச் சீற்றில் இருந்த பாலேஸ்வரி.

நவரட்ணம் கண்ணாடியைப் பார்த்தார். யாரும் நிற்கவில்லை. எட்வேட் மட்டும் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு இருந்தார்.

"எல்லாரும் இறுக்கிப் பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்று பஸ்ஸில் அறிவிக்கும் குரலில் சொல்லிவிட்டு, சப்பாத்து நுனி தரையில் முட்டும்வரை மிதித்தார்.