இரண்டு சக்கரம் வைத்த ஹெட்போன்

மைசூரில் ஒரு நூற்பாலையில் சித்தையனுக்கு வேலை. ஹனூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான புதிதில் மனைவி வடிவுடன் வந்தவர், அன்றிலிருந்து நூல் சுற்றும் இயந்திரங்களுக்கு நடுவிலேயே நின்றுவிட்டார். அந்த இரைச்சலில் பக்கத்தில் இருப்பவனிடம் பேசுவதென்றால் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். பாதிப் பேச்சைக் கைச் சாடையிலேயே முடித்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவருக்கு நாதஸ்வரம் வேண்டும். கேசட்டைப் போட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்தால்தான் உடம்பில் அலுப்பு இறங்கும். ஆனால் வால்யூம் ஏறிக்கொண்டே போனது. சந்து முனைவரை கேட்கிறது என்று அக்கம்பக்கத்தார் குறைப்பட்டார்கள். மகள் சௌம்யா பி.யு.சி. பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்தது. அதனால் நடைபாதைக் கடையில் ஒரு ஹெட்போன் வாங்கி மாட்டிக்கொண்டார். அதன் பஞ்சு பொடிப்பொடியாக உதிர்ந்து காதெல்லாம் கறுப்பாக ஒட்டியது. ஒயரைக் குறிப்பிட்ட கோணத்தில் மடக்கிப் பிடித்தால்தான் பாட்டு வரும். ஒரு பாட்டு முடியும்வரை சித்தையன் கழுத்தைத் திருப்பாமல் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வடிவுக்குச் சிரிப்பும் வரும், பாவமாகவும் இருக்கும்.

அந்த வருஷம் தசராவுக்கு முன்னால் போனஸ் வந்தது. வீட்டுச் செலவுக்கும் சௌம்யாவின் ஃபீஸுக்கும் போக மிச்சத்தை வடிவு தனியாக எடுத்து வைத்தாள்.

"ஏனுங்க, இந்தக் கருமத்தைத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்கிக்கங்க. ஆனா ஆயிரத்தைத் தாண்டக் கூடாது, ஆமா."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் தேவராஜ அர்ஸ் சாலைக்குப் போனார்கள். தசராத் தள்ளுபடி என்று எல்லாக் கடையிலும் துணி கட்டியிருந்தது. மனோஜ்குமார் என்பவரின் கடையில் டேப்ரெக்கார்டர்களும் ஸ்பீக்கர்களும் கூரைவரை அடுக்கியிருந்தன. மனோஜ்குமார் கன்னடக்காரர். ஆனால் தமிழ் வாடிக்கைக்காரர்கள் வந்தால் தமிழிலேயே பேச்சை ஆரம்பித்து, போகப் போகக் கன்னடத்தைக் கலந்துவிடுவார்.

"வாங்க ஸ்வாமி. ஏனு வேணும், சொல்லுங்க."

சித்தையன் தன் கேசட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "இதைப் போட்டுக் கேட்டுப் பார்த்துத்தான் வாங்கோணும்."

மனோஜ்குமாருக்கு அது பிடித்துப்போயிற்று. மூன்று ஹெட்போன்களை எடுத்து வைத்தார். ஒன்று பெரியது, வெளிநாட்டுச் சரக்கு, விலை கைக்கு எட்டாதது. மற்ற இரண்டும் ஆயிரத்துக்குள் அடங்குபவை. சித்தையன் ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"எது சென்னாகிதே ஸ்வாமி? எது நல்லாருக்கு?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார் சித்தையன். உண்மையில் மூன்றுக்கும் அவருக்கு வித்தியாசமே தெரியவில்லை. பெரிய விலை கொடுத்தால் ஒருவேளை சரியாகிவிடுமோ என்று வெளிநாட்டு ஹெட்போனையே மறுபடி மறுபடி கையில் எடுத்தார்.

வடிவுக்குப் பொறுக்கவில்லை. அதை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் கண்கள் விரிந்தன.

"அடேங்கப்பா! தவுல்காரன் என்னமா அடிக்கிறான்!"

"தவுலா? அது எங்கியோ தூரத்துல இல்ல கேக்குது?"

"தூரத்துலயா? இந்தா, இடது பக்கம் காதுக்குள்ளயே அடிக்கிறானுங்க."

சொல்லி முடிப்பதற்குள் வடிவுக்கு விளங்கிவிட்டது. இடது பக்கம் படுத்துத் தூங்கும்போது கூப்பிட்டால் எழுந்துகொள்ளும் மனுஷன், வலது பக்கம் படுத்தால் எழுந்துகொள்ளாதது ஏன் என்பதும், சாப்பிடும்போது எப்போதும் அவளைத் தன் வலது கைப் பக்கமாகவே உட்காரச் சொல்வது ஏன் என்பதும் ஒரே சமயத்தில் விளங்கின. ஆலையில் இயந்திரத்தின் பக்கம் இருந்த காது இடது காதுதான்.

அவள் கடைக்காரரிடம் திரும்பினாள். "இவருக்கு இடது காது மந்தமுங்க. அதுக்குத் தோதா ஏதாச்சும் இருக்குதா?"

சித்தையனுக்கு உடம்பே கூசியது. கடையில் இன்னும் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். ஆலையில் காது போய்விட்டது என்று தெரிந்தால் வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள், அங்கே அலவன்ஸ் கிடையாது என்ற பேச்சு உண்டு. அதனால் அவரும் சரி, மற்றவர்களும் சரி, அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. கேசட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாமா என்று வாசலைப் பார்த்தார்.

மனோஜ்குமாரோ விளக்கு பல்பு கேட்ட மாதிரி சாதாரணமாக, "அதை முதல்லயே சொல்லக் கூடாதா ஸ்வாமி?" என்றபடி கீழ்த் தட்டில் குனிந்து தேடினார். தூசு படிந்த அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே இருந்த ஹெட்போன் பார்க்க அழகில்லை, கனமாக இருந்தது. ஆனால் காதுக்கொன்றாக இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம்.

"ஒவ்வொரு காதுக்கும் தனி வால்யூம். நோடி, இங்க பாருங்க, இடது பக்கம் மெதுவா ஏத்துங்க."

சித்தையன் வலது பக்கத்தைக் குறைத்தார். இடது சக்கரத்தை மெல்லத் திருப்பினார். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம். தெருவுக்கு அப்பால் யாரோ தட்டுவது போலிருந்த தவுல் வாசலுக்கு வந்தது, வீட்டுக்குள் வந்தது, பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தது. நாதஸ்வரம் வலது காதை விட்டு நகர்ந்து நெற்றிக்கு நேராக நின்றது. அவர் விரல்கள் கண்ணாடி மேஜையில் தாமாகவே தாளம் போட ஆரம்பித்தன. கடையில் இருந்தவர்கள் பார்ப்பதும் தெரிந்தது. பார்க்கட்டும் என்று போட்டார்.

"இதே மாதிரி புதுசு ஒண்ணு வந்திருக்கு, பளபளன்னு இருக்கும். சக்கரம் ஒண்ணுதான், ஒயர்ல" என்றார் மனோஜ்குமார். "இல்லேன்னா அந்த வெளிநாட்டது, தவணைல தரேன்."

"பேடா" என்று கன்னடத்திலேயே மறுத்தார் சித்தையன். "எனக்கு ரெண்டு சக்கரம்தான் வேணும்." பிறகு அவராகவே கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒயர் கட்டில்வரை எட்டுமா, குஷன் கிழிந்தால் மாற்றுக் குஷன் கிடைக்குமா, பிளக் தன் டேப்புக்குப் பொருந்துமா. எல்லாம் பார்த்த பிறகே தலையாட்டினார். வடிவு சொன்ன வரம்புக்குள் மாற்றுக் குஷனும் சேர்ந்து அடங்கியது. திரும்பும்போது பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாருக்கும் தெரியும்படி படத்தை வெளிப் பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தார்.

மறுநாள் ஆலை கேன்டீனில் அவர் வாயைத் திறந்தார். "என் இடது காது போச்சப்பா. ஆனா நேத்து தவுல் கேட்டேன்." மேஜையில் இருந்தவர்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஜடையன் மட்டும் சிரித்து, "செவிடனுக்கு எதுக்குய்யா சங்கீதம்?" என்றான். அடுத்த ஞாயிறு அதே ஜடையன் சித்தையன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இரண்டு காதும் தேய்ந்திருந்தது, வலது கொஞ்சம் அதிகம். சித்தையன் சக்கரங்களை மாற்றி மாற்றித் திருப்பிவிட்டார். பாட்டு முடியும்வரை ஜடையன் அதைக் கழற்றவில்லை. பிறகு, "அந்தக் கடை எங்கிருக்குது?" என்று மட்டும் கேட்டான்.

அவனுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். யாருக்கு எந்தக் காது என்பது ரகசியமாக இல்லாமல், ஊர்ப்பேர் மாதிரி சகஜமாகிவிட்டது. பேச்சு வளர்ந்து சங்கத்துக்குப் போயிற்று. எல்லாருக்கும் காதுப் பரிசோதனை வேண்டும், காது போனவனுக்கு அலவன்ஸைப் பிடிக்கக் கூடாது என்று சங்கம் கேட்டது. இழுத்தடித்து நிர்வாகம் ஒப்புக்கொண்டபோது அடுத்த தசராவும் வந்துவிட்டது.

பரிசோதனை நாளில் டாக்டரின் அறைக்கு வெளியே வரிசை நின்றது. ஆனால் முதலில் நுழைய யாருக்கும் மனமில்லை. நீ போ, நீ போ என்று தள்ளிக்கொண்டிருந்தார்கள். சித்தையன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

"என்ன தொந்தரவு?" என்று டாக்டர் கேட்டார்.

வெளியே நிற்பவர்களுக்கும் கேட்க வேண்டுமென்றே சித்தையன் உரக்கச் சொன்னார்.

"இடது காதுங்க. மில்லுல போனது."